பால்வெட்டு, ஆஸ்பத்திரி, கடல்: குமரியின் இரவு வேலைகள் உடம்பை என்ன செய்கின்றன?

நைட் ஷிஃப்ட் என்றதும் குமரி மாவட்டத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது, சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான். மாவட்டத்துக்குள்ளேயே ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்களைப் பார்த்தால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பக்கம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் கத்தி வைத்துப் பால் வெட்டுபவர்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலும் நாகர்கோவில், மார்த்தாண்டம் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் வார்டு பார்க்கும் நர்ஸுகள். குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் போய் நாள்கணக்கில் கடலில் தங்குபவர்கள். தோவாளைச் சந்தைக்காக விடியும் முன்பே பிச்சிமொட்டு பறிப்பவர்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் சாயா ஆற்றுபவர், களியக்காவிளை வழியே லோடு ஓட்டுபவர் என்று அது நீண்டுகொண்டே போகும்.

இவர்களுக்கெல்லாம் ஊர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "ராத்திரி போன உறக்கத்தைப் பகல்ல உறங்கிச் சரிக்கட்டிக்கோ." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எட்டு மணி நேரம் எப்போது உறங்கினாலும் எட்டு மணி நேரம்தானே? உடம்பு இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. உறக்கம் குறைவது இரவு வேலையின் ஒரு கேடு. உடம்பு ஒரு நேரத்திலும் வேலை வேறொரு நேரத்திலும் ஓடுவது இன்னொரு கேடு. இந்த இரண்டும் ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் கலந்து வருகின்றன. பால்வெட்டுபவருக்கு வரும் பாதிப்பு நர்ஸுக்கு வருவது போல இருக்காது, கடலுக்குப் போகிறவரின் பாதிப்பு இரண்டிலும் சேராது. எல்லோருக்கும் ஒரே யோசனையைச் சொல்வதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

உள்ளே ஓடும் கடிகாரம்

1729-ல் ழான் ழாக் தெ மெரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாவிட்டாலும் பகல் வந்ததும் இலை விரிந்தது, இரவு வந்ததும் கூம்பியது. நம் ரப்பர் தோட்டங்களில் நடக்கிறவர்களின் காலைக் கீறுகிறதே, அதே இனம். உயிருக்குள்ளேயே ஒரு நேரக்கணக்கு ஓடுகிறது என்பதற்கு முதலில் கிடைத்த தடயம் அது. அந்தக் கணக்கை நடத்தும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு இந்தக் கடிகாரம் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு திரளில் இருக்கிறது. அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தினமும் யாராவது அதைச் சரிசெய்ய வேண்டும், அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். விழித்திரையில் இதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. உருவம் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலை கிடையாது. எவ்வளவு வெளிச்சம் என்பதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை, அதிலும் நீல வெளிச்சத்துக்கு அவை அதிகம் அசையும். இருட்டியதும், உடம்புக்கு இரவு வந்ததைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. உடம்பின் சூடு இறங்கி, அதிகாலை நாலு, ஐந்து மணி வாக்கில் அடிமட்டத்தைத் தொடுகிறது. நைட் டூட்டி பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பன்னிரண்டு மணியைத் தாண்டுவது பெரிய காரியமில்லை, மூன்றரைக்கு மேல்தான் கண் சொருகும் என்று.

ஈரல், கணையம், குடல் ஆகியவற்றுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை மூளையின் கடிகாரத்தோடு, சாப்பிடும் நேரத்தையும் பார்த்து ஓடுகின்றன. நடுராத்திரியில் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் இரண்டு திசையில் இழுக்கும்.

"பழகிப்போச்சு" என்பார்கள். மனது பழகும், கடிகாரம் லேசில் பழகாது. நிரந்தரமாக இரவு வேலை மட்டுமே செய்கிறவர்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து சைமன் ஃபோல்கார்ட் 2008-ல் எழுதியபோது, கடிகாரம் முழுமையாக இரவுக்கு மாறியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்.

குமரிக்கு இதில் ஒரு கூடுதல் தொந்தரவு இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுக்கப் பகலின் நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் கூடிக் குறைகிறது. வடக்கு ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இரவு வேலை முடித்துக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறவர் இருட்டிலேயே போய்ப் படுத்துவிடலாம். நாகர்கோவிலில் எந்த மாதமானாலும் ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வார்டு டியூப் லைட்டின் வெளிச்சம் சில நூறு லக்ஸ், வெளியே வெயில் ஏறினால் பத்தாயிரத்துக்கும் மேல். அதிகாலையில் சூடு அடிமட்டத்தைத் தாண்டிய பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பகல் பக்கமாக இழுக்கும். ராத்திரி முழுக்க விழித்து அது கொஞ்சம் நகர்ந்திருந்தாலும், பஸ்ஸுக்கு நிற்கும் அந்த இருபது நிமிஷம் அதை மறுபடி பழைய இடத்தின் பக்கம் தள்ளிவிடும்.

ஷிஃப்ட் சுற்றுகிற நர்ஸ்

மூன்று பேரில் அதிகம் அடிபடுவது நர்ஸ்தான் என்பது என் எண்ணம். ஒரு வாரம் நைட், அடுத்த வாரம் காலை, அப்புறம் மாலை என்று டூட்டி சார்ட் சுற்றுகிறது. கடிகாரம் நகர்ந்தாலும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். அது பாதி வழியில் நிற்கும்போதே சார்ட் மாறிவிடுகிறது. யாராவது லீவு போட்டால் டபுள் டூட்டி வேறு.

ஒரு நைட் முடிந்த காலையைப் பாருங்கள். ஏழு மணிக்கு அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஓவர் கொடுக்கத் தொடங்கி, ரிஜிஸ்டர் எழுதி, கடைசி ஊசியைப் போட்டு வெளியே வர எட்டு. பஸ்ஸில் கம்பியில் தலை முட்டியபடி வீடு வந்தால் பிள்ளைக்கு இன்னும் தலை பின்னவில்லை. ஸ்கூல் வேன் போனபின் சோறு வைக்க வேண்டும், துணி போட வேண்டும். படுக்கும்போது மணி பத்து. பத்தேகாலுக்கு மீன்காரரின் ஹாரன், பதினொன்றுக்குக் காஸ் சிலிண்டர். கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ நடக்கிற வாரம் என்றால் குழாய் ஸ்பீக்கர். ஒரு மணிக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். எழுந்து முற்றத்துக்கு வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல், "பட்டப்பகல்ல கெடந்து ஒறங்குதா பாரு."

சத்தமே இல்லாவிட்டாலும் ஒரு மணிக்குக் கண் திறக்கத்தான் செய்யும். நம்மை உறங்க வைப்பது இரண்டு விஷயங்கள். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து உறக்க அழுத்தம் ஏறும், இது ஒன்று. கடிகாரம் மற்றொன்று. காலை பத்து மணிக்கு அழுத்தம் உச்சத்தில் இருப்பதால் படுத்ததும் உறக்கம் வந்துவிடுகிறது. மூன்று மணி நேரத்தில் அந்த அழுத்தம் வெகுவாக வடிந்ததும், "இது விழித்திருக்கும் நேரம்" என்று கடிகாரம் எழுப்பிவிடுகிறது. அதனால்தான் நைட் முடித்தவர்களின் பகல் உறக்கம் வழக்கமான இரவு உறக்கத்தைவிட ஒன்று முதல் நாலு மணி நேரம் வரை குறைவாக இருக்கிறது. காலை நாலு மணிக்குக் குடித்த சாயாவும் சும்மா இருக்காது. காஃபீன் அடினோசினை மறைத்து நிற்கும், பாதியளவு கரையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

நல்லவேளையாக, நர்ஸுகளைப் பற்றிய தரவுகள் நிறைய உண்டு. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய நர்ஸுகள் உடல்நல ஆய்வு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அதை வைத்து 2011-ல் வந்த கட்டுரையின்படி, 20 ஆண்டுகளுக்கு மேல் சுற்று நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு, அதுவரை நைட்டே பார்க்காதவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். உடல் எடையையும் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசம் 24 சதவீதமாகக் குறைகிறது. அதாவது கேட்டின் பெரும் பங்கு எடை கூடுவதன் வழியாக வருகிறது, மீதி எடையோடு தொடர்பில்லாமலே வருகிறது. 2023-ல் வெளியான தேசிய ஆய்வில் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம், நாட்டின் சராசரி 11.4. ஏற்கெனவே சர்க்கரைக்குப் பேர்போன ஊரில் இந்தக் கூடுதலைச் சின்னது என்று ஒதுக்க முடியாது.

எடை எப்படிக் கூடுகிறது? அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபிராங்க் ஷீர் குழு 2009-ல், ஆட்களைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்து உறக்கத்தையும் சாப்பாட்டையும் தலைகீழாக மாற்றிப் பார்த்தது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. இன்சுலின் 22 சதவீதம் கூடியும் ரத்தச் சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. ரத்த அழுத்தமும் சற்று ஏறியது. ஆக, நைட்டில் பசிப்பது பலவீனமல்ல, உடம்பே கேட்கிறது. கிடைப்பதோ பரோட்டா, பழம்பொரி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட சாயா. இரவில் இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணிவதில்லை. பகலில் தாங்கும் அதே இரண்டு பரோட்டாவை ராத்திரி ஒரு மணிக்கு அதே மாதிரி தாங்காது.

இதன் நல்ல பக்கம் 2021-ல் தெரியவந்தது. அதே பாஸ்டன் ஆய்வாளர்கள் 19 பேருக்கு நைட் ஷிஃப்ட் மாதிரியே நேரத்தைப் புரட்டினார்கள். ஒரு குழு இரவிலும் சாப்பிட்டது, இன்னொரு குழு பகலில் மட்டும் சாப்பிட்டது. இரவில் சாப்பிட்டவர்களின் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடியது. டூட்டிக்குப் போகும் முன் ஏழு, ஏழரைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் பசித்தால் கொஞ்சம் சுண்டலோ மோரோ எடுத்துக்கொண்டு, அடுத்த முழுச் சாப்பாட்டை விடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

புற்றுநோய் பற்றிய பேச்சு வந்தால் பலர் மிரளுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007-ல் "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்தது, 2019-ல் மறுபடி ஆராய்ந்து இரவு வேலையை அதே பிரிவில் உறுதிசெய்தது. மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு பலமானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. ஆனாலும் டென்மார்க்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நைட் பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு அரசு அமைப்பே இழப்பீடு கொடுத்தது. நம் தொழிலாளர் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரவு வேலை என்ற பேச்சே இல்லை.

என் பார்வையில் இதைவிட உடனடியானது கர்ப்பிணிகள் விஷயம். 2019-ல் வந்த ஒரு டேனிஷ் ஆய்வில், ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நைட் பார்த்த கர்ப்பிணிகளுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரம் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயிறு தெரிய ஆரம்பித்த பின்தான் நைட்டிலிருந்து விலக்கு கேட்கலாம் என்று தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ரப்பர் தோட்டம்: சிக்கல் ராத்திரியில் இல்லை

பால்வெட்டு ஏன் இருட்டிலேயே நடக்கிறது? வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். இரவின் பிற்பகுதியில் அழுத்தம் கூடுதல், பாலும் கூடுதல். அதனால் இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பி, மரத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, முந்நூறு, நானூறு மரம் வெட்டி முடிக்கும்போது விடிந்திருக்கும். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் சேர்த்து, உறைய வைத்து, ஷீட் அடித்து வீடு திரும்ப மதியமாகிவிடும்.

இவரை இரவு வேலைக்காரர் என்று சொல்வதைவிட, ரொம்பச் சீக்கிரம் எழுகிறவர் என்று சொல்வது பொருத்தம். நெற்றி லைட் மரத்தின் மேல் ஒரு வட்டமாக விழுகிறது, சுற்றிலும் இருட்டு. ஆறரைக்கு மேல் நல்ல வெளிச்சம் கிடைக்கிறது, அது கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. இவருக்கு அதுதான் தேவையும். கட்டன் சாயா குடித்துவிட்டுப் போய், முழுச் சாப்பாட்டை விடிந்தபின் சாப்பிடுவது பழக்கம். மேலே சொன்ன ஆய்வு 2021-ல் கண்டதற்குப் பக்கத்தில் இவர் எப்போதோ வந்துவிட்டார்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? சாயங்காலத்தில். இரண்டு மணிக்கு எழ வேண்டியவர் ஏழு, ஏழரைக்குப் படுத்தால் கணக்கு சரியாகும். ஆனால் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருவது எட்டுக்கு, குடும்பமாகச் சாப்பிடுவது ஒன்பதுக்கு, டிவி ஓடுவது பத்தரை வரை. வீட்டு நேரத்தில் படுத்து, தோட்டத்து நேரத்தில் எழுந்தால் கிடைப்பது மூன்றரை மணி நேரம். மதிய உறக்கம் மட்டும்தான் இவரைக் காப்பாற்றுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒருவகையில் இவருக்கு வைத்தியம் நர்ஸைவிட எளிது: வீட்டில் ஒரு அறையாவது எட்டு மணிக்கு இருட்டாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும். எளிது என்று எழுதிவிட்டேன், இரண்டு அறை மட்டும் உள்ள லைன் வீட்டில் அது எளிதில்லை.

கடல்

தங்கல் படகில் உறக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். வலை விடுவது, இழுப்பது, மீனைத் தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது என்று வேலை சுற்றுச் சுற்றாக வரும். நடுவில் கிடைக்கிற ஒன்றிரண்டு மணி நேரத்தில் படுப்பார்கள். ஒரு முழு உறக்கச் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் போல வேண்டும். இடையிடையே எழுப்பினால் மொத்தம் ஆறு மணி நேரம் ஆனாலும் ஆள் தெளிவதில்லை. எழுந்த முதல் கால் மணி நேரம் மூளை மந்தமாகவே இருக்கும், அந்த நேரத்தில்தான் வலை இழுக்க ஓடுகிற வின்ச் பக்கத்தில் கயிறைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் என்ற படகில் கப்பல் மோதியது. படகில் இருந்தவர்களில் பலர் குமரி மாவட்டம் இராமன்துறைக்காரர்கள். அதற்குக் காரணம் படகுக்காரர்களின் உறக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கப்பல் போகும் பாதையில், உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில், விழித்துப் பார்க்க ஒரு தெளிவான ஆள் இருப்பது உயிர் விஷயம். ஸ்டியரிங்கில் இருப்பவரை வலை வேலையிலிருந்து விலக்கி, நாளுக்கு ஒருமுறையாவது நாலு மணி நேரம் தொடர்ந்து உறங்க விட வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழி

தரையிலும் இதே ஆபத்து உண்டு. ஆஸ்திரேலியாவில் 1997-ல் செய்த சோதனையில், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் 0.10 சதவீதத்துக்குச் சமமானது. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதி 0.03 வரைதான். முதல் நைட்டுக்குப் போகிறவர் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் டூட்டிக்குப் போனால், மறுநாள் எட்டு மணிக்கு ஸ்கூட்டி எடுக்கும்போது விழித்து 26 மணி நேரம் ஆகியிருக்கும். வெட்டூர்ணிமடம் சந்திப்பில் ஸ்கூல் வேன்களுக்கு நடுவே அவர் போகிறார். ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவி போலீஸிடம் இருக்கிறது, உறக்கத்தைப் பிடிக்கும் கருவி இல்லை.

அதனால் முதல் நைட்டுக்கு முன்னால் மாலையில் ஒன்றரை மணி நேரம் படுப்பது, வேறு எதையும்விட முக்கியம். டூட்டி நடுவில் மூன்று மணி வாக்கில் இருபது நிமிஷம் கண்ணயர்வதும் நன்கு சோதித்துப் பார்த்த முறை. அரை மணியைத் தாண்டினால் எழும்போது மந்தம் வரும். ஜப்பான் ஆஸ்பத்திரிகளில் நீண்ட நைட் ஷிஃப்ட்டில் உறங்க நேரம் ஒதுக்கியே வைக்கிறார்கள். இங்கே மேஜையில் தலை சாய்த்தால் மெமோ. கண் சொருகியபடி இன்சுலின் அளவு பார்க்கிற நர்ஸைவிட, இருபது நிமிஷம் உறங்கி எழுந்த நர்ஸ் நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது நிர்வாகங்களுக்கு ஏன் புரியவில்லையோ. சார்ட் போடுகிறவர்களும், காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிஃப்ட்டை முன்னோக்கிச் சுற்றலாம். கடிகாரம் 24 மணிக்குச் சற்று மேல் ஓடுவதால் பின்னுக்குத் தள்ளுவது அதற்கு லேசு. இரவிலிருந்து நேராகக் காலைக்கு இழுப்பதுதான் கொடுமை.

வீட்டில் கறுப்புத் துணியால் ஜன்னலை மூடுவது, சத்தத்தை மறைக்க ஃபேனை வேகமாக வைப்பது, போனை அணைப்பது எல்லாம் பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது மருந்துச் சீட்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எழுதும் சீட்டில் 1-0-1 என்று இருக்கும், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலை ஒன்பதுக்குப் படுத்து, இரவு எட்டுக்கு டூட்டிக்குப் போகிறவருக்கு எது காலை? நைட் முடிந்து வந்ததும் "காலை மாத்திரை" என்று சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்ரைடு மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தால் உறக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான். நாலு மணிக்குச் சீனி போட்ட சாயா குடித்துவிட்டு ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தால் அது வெறும் வயிறு ஆகாது. டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்காவிட்டால் நாமே சொல்லலாம்: எத்தனை மணிக்கு உறங்குகிறேன், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், மாதத்தில் எத்தனை நைட். சீட்டில் காலை, இரவு என்பதற்குப் பதிலாக "உறங்கி எழுந்து சாப்பிடும் முன்", "டூட்டிக்குப் போகும் முன் சாப்பிடும்போது" என்று எழுதித் தரச் சொல்லி வாங்குவதில் தப்பில்லை.